பதினொரு ஒன்றுகள்

எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் ஒரு எண் தங்கியிருந்தது. மற்ற விருந்தாளிகளைப் போல அதுவும் நாலு நாளில் கிளம்பிவிடும் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். அது கூடத்தில் வந்து உட்கார்ந்தது, பிறகு சாப்பாட்டு நேரத்துக்குச் சமையலறைவரை வர ஆரம்பித்தது, கடைசியில் கட்டிலுக்கு அடியில் அட்டை அட்டையாகப் படுத்துக்கொண்டு கரப்பான்களுக்கும் இடம் கொடுத்தது.

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினொரு தடவை வரிசையாக எழுதினால் வரும் எண் அது. ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அப்பா இதை ஒரே மூச்சில் சொல்வார். ரயில்வே பணிமனைச் சம்பளத்தில் கோடி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வேறு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

தெலுங்கு தேசத்தில், லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாள வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நின்றுவிட்ட குடும்பம். தமிழை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள், நல்ல பாத்திரங்களைப் போல. நானோ தமிழில் கேட்டால் இந்தியிலோ தெலுங்கிலோ பதில் சொல்லும் ஜாதி. எனக்கு ஒன்பது வயது. வாய்ப்பாட்டில் ஏழுவரை எனக்கும் கணக்குக்கும் சமாதானம் இருந்தது, எட்டிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தாள். அத்தை அப்போதுதான் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, உப்பலில் மின்விசிறிப் பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸைப் பிடிப்பார்.

எங்கள் ஆட்களிடம் பெண் கொடுத்த வீட்டில் பெண் எடுக்கிற வழக்கம் உண்டு. ஒரே செலவில் இரண்டு சம்பந்தம், புதிதாக யாரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்பா அம்மா கல்யாணப் பந்தலிலேயே, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மாமாவையும் அத்தையையும் பார்த்து, இதுகளுக்கும் முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு எல்லோரும் அதைத் தீர்மானமான விஷயமாகவே வைத்துக்கொண்டார்கள். அத்தையிடம் மட்டும் கேட்கவில்லை.

கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பல் குத்திக்கொண்டே, "மாப்ளைக்கும் வயசாகுது. நீ என்ன சொல்லுத?" என்றார்.

அத்தைக்கு வந்த சங்கடம் இப்போது எனக்குப் புரிகிறது. கல்யாணம் ஆனபிறகு எங்கள் சர்ச்சில் எந்தப் பெண்ணும் படிப்பைத் தொடர்ந்ததில்லை. சரி என்றால் எம்.எஸ்ஸி. போயிற்று. வேண்டாம் என்றாலோ, மறுநாள் காலை அதே அடுப்படியில் அம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும். அவள் என் பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து ஒரு தாளில் மளமளவென்று ஒன்றுகளாக எழுதி அப்பாவிடம் நீட்டினாள்.

"இதை மீதி இல்லாம வகுக்கிற ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டாரச் சொல்லுங்கண்ணே. ஒண்ணும் அதே எண்ணும் செல்லாது. வேற எதுன்னாலும் சரி. கொண்டார அன்னைக்கே சம்மதம்."

"எங்க தம்பி பொண்ணு கேட்டு வந்திருக்கானா, பரீட்சை எழுத வந்திருக்கானா?" என்றாள் அம்மா.

மாமா தாளை வாங்கி மேலும் கீழுமாகப் பார்த்தார். "சரி" என்றார். அவர் பேச்சு எப்போதுமே ஒரு சொல்லில் முடியும். அவசியம் என்றால் இரண்டாவது சொல்லும் வரும்.

நான் உடனே தீர்வு சொன்னேன். பதினொரு ஒன்று இருப்பதால் பதினொன்றால் கட்டாயம் வகுபடும். குடும்பமே ஒரு கணம் என்னை மரியாதையோடு பார்த்தது. மாமா போட்டுப் பார்த்தார். ஒன்று மீதி. அத்தைதான் காரணம் சொன்னாள். ஒன்றுகளை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ஜோடியும் பதினொன்று. ஜோடி ஜோடியாக எல்லோரும் போனபிறகு கடைசி ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அதுதான் மீதி. மும்மூன்றாகப் பிரித்தால் நூற்றுப் பதினொன்று, அதை மூன்றும் முப்பத்தேழும் வகுக்கும், ஆனால் கடைசியில் இரண்டு பேர் நிற்பார்கள். ஐந்தைந்தாகப் பிரித்தால் நாற்பத்தொன்று வகுக்கும், மறுபடியும் ஒருவன் நிற்பான். எப்படிப் பந்தி வைத்தாலும் இலை கிடைக்காமல் யாராவது நின்றுகொண்டிருக்கும் கல்யாணம் அது.

அப்பா இதைப் பணிமனைக்கு எடுத்துப்போனார். அங்கே வரைபடப் பிரிவில் இருந்த ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பதினொன்று என்பதே வேறெந்த எண்ணாலும் வகுபடாத, உடையாத எண். எனவே பதினொரு ஒன்றும் உடையாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தவறு என்று தெரிந்தவள் எங்கள் வட்டாரத்தில் ஒருத்தி மட்டுமே, அவள் வாய் திறக்கவில்லை.

"வேண்டாம்னு நேரடியாச் சொல்ல மாட்டாளாம். கணக்குல சொல்லுதாளாம்" என்று அம்மா அடுப்பிடம் சொன்னாள். அன்றிலிருந்து அத்தையிடம் அவள் பேசியதெல்லாம் கரண்டி வழியாகத்தான். தட்டில் சாதம் விழும் சத்தத்திலிருந்தே அன்றைய கோபத்தின் அளவை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

மாமா யாருடைய தீர்ப்பையும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளைப் பிரித்து எடுத்து வந்து, அவற்றின் உள்பக்கத்தில் வகுத்தார். உடையாத எண்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும் என்பதும், ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சத்தைத் தாண்ட வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேற்பட்ட ஒன்று வகுத்தால் அதன் ஜோடி அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பத்தாயிரம் எண்கள் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட வகுத்தல். உப்பலில் வாரம் பூராவும் போட்டது போக, ஞாயிறு மத்தியானமும் எங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து போடுவார்.

எனக்கும் வேலை கொடுத்தார். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுபடுகிறதா என்று பார்த்து, வகுபட்டால் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். கூலி உஸ்மானியா பிஸ்கட். கணக்குக்காக என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கொடுத்த ஒரே கூலி அதுதான். சில சமயம் சலித்துப்போய், "நக்கோ மாமா, போதும்" என்பேன். "சரி" என்று எனக்கும் சேர்த்து அவரே அடிப்பார்.

ஆறேழு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் சைனிக்புரியிலிருந்து சுபேதார் வந்தார்.

ராணுவத்தில் ஓய்வுபெற்று அங்கே வீடு கட்டியிருந்தவர், அப்பாவுக்குச் சர்ச் சிநேகிதர். வளைகுடாவில் இருந்த மகன் அவருக்கு வெயிலில் ஓடும் கால்குலேட்டர் ஒன்றை அனுப்பியிருந்தான். அதற்கு வேலை கொடுக்க அவர் தெருத்தெருவாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு சனிக்கிழமை வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமாவையும் வரவழைத்திருந்தார்கள்.

"அரே, கைக்கு, எதுக்கு இப்பிடி அட்டையில எழுதிச் சாவுறே? இதுக்குத்தானே மெஷின்" என்றார். சுட்டுவிரலை நிமிர்த்தி ஏக், தோ, தீன் என்று சத்தமாக எண்ணியபடி ஒன்று என்ற பொத்தானைப் பதினொரு முறை அழுத்தினார். சின்ன எண்களையெல்லாம் ஊரே பார்த்தாகிவிட்டது, எழுபதுக்கு மேல் போகலாம் என்றார். எழுபத்தொன்று, விடையில் தசமப் புள்ளி விழுந்தது. எழுபத்து மூன்று.

புள்ளி விழவில்லை. ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று ஏழு. சுத்தமாக.

மாமா கட்டிலுக்கடியில் தேடிப் பழைய அட்டை ஒன்றை எடுத்தார். "இது நான் போட்டதுதான். முப்பத்தெட்டு மீதி வந்திருக்கு."

"மனுசன் கை நடுங்கும். மெஷின் நடுங்குமா?" சுபேதார் மறுபடியும் பதினொன்றுவரை எண்ணி அழுத்தினார். மறுபடியும் அதே விடை. "பாத்தியா? ஹவ், சரிதானே?"

ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை போட்டுச் சரிபார்க்கிற மனிதர் மாமா. அன்றைக்கு அவர் பென்சிலை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மைசூர்பாகு சொல்லக் கிளம்பியாயிற்று. நூலகத்திலிருந்து அத்தை திரும்பி வந்தபோது யாரும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று சொன்னால்தான் ருசி என்று அம்மாவின் ஏற்பாடு. அன்று ராத்திரி என் தட்டில் சாதம் பூப்போல விழுந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, கிளிப்பச்சையில் ஒரு பட்டுச்சேலை, மைசூர்பாகு. சுபேதார் கால்குலேட்டரையும் தட்டிலேயே வைத்துவிட்டார், அதுவும் மாப்பிள்ளை வீட்டுச் சீர் என்பதுபோல.

அத்தை தட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சா? எது?"

"எழுபத்தி மூணு."

"வகுத்தா என்ன வருது?"

"ஒரு லட்சத்து அம்பத்திரெண்டாயிரத்து இருநூத்தேழு."

அத்தை தாளோ பென்சிலோ தேடவில்லை. கொஞ்ச நேரம் சேலையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"ஒண்ணரை லட்சத்தை எழுபதால பெருக்கினா ஒரு கோடி சொச்சம்தான வரும். இது ஆயிரத்து நூறு கோடியில்லா?"

அறையில் எல்லோருக்கும் கோடியும் லட்சமும் தெரியும். சம்பளத்தில் இல்லாவிட்டாலும் பேச்சில் தெரியும். ஆனால் முந்தின நாள் முழுக்க ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சுபேதார் கால்குலேட்டரை எடுத்து மீண்டும் பதினொரு முறை அழுத்தினார். இந்தத் தடவை பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த ஒன்றுகளை விரல் வைத்து எண்ணினார். எட்டு. அதற்கு மேல் அந்தத் திரை இடம் கொடுக்கவில்லை. அழுத்தியதை எண்ணினோம், ஏறியதை எண்ணவில்லை.

"எட்டு பெர்த் போல" என்றார் அப்பா. "மிச்ச மூணு பேரும் பிளாட்பாரத்துலயே நின்னுட்டாங்க." வேறு சமயமாக இருந்தால் நல்ல நகைச்சுவைதான். அவர் மட்டும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா தன் செருப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்று அத்தை அவரை நிறுத்தினாள். அதுவரை அவள் அவரிடம் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. "இதை முன்னாடி நீங்க கையால போட்டிருப்பீங்களே. என்ன மீதி வந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

இப்போதுதான் அவள் பென்சில் எடுத்தாள். வெற்றிலை சுற்றியிருந்த காகிதத்தின் ஓரத்தில் நாலு வரி. "முப்பத்தெட்டுதான். நீங்க போட்டதுதான் சரி." இதை அவள் மாமாவிடம் சொல்லவில்லை, அறைக்குச் சொன்னாள், அடுப்படி வரை கேட்கும்படி. பிறகு அவரிடம், "சரியாப் போட்டுட்டு மெஷினை ஏன் நம்பினீங்க?"

மாமா யோசித்தார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் அதுவரை நான் கேட்டதில் அவருடைய மிக நீளமான வாக்கியம்.

"இந்த ஒரு தடவை நான் போட்டது தப்பா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு."

சுபேதார் கால்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அத்தை காகிதத்தை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இனிமே எல்லா எண்ணையும் போட்டுப் பாக்காதீங்க" என்றாள். "இருபத்திரெண்டால வகுத்தா ஒண்ணு மீதி வருமே, அந்த மாதிரி எண்களை மட்டும் எடுங்க. அதுலயும் உடையாததை மட்டும். இருபத்திமூணு, அறுபத்தேழு, எண்பத்தொம்போது, அப்பிடி. வேற எதாலயும் இதை உடைக்க முடியாது."

"ஏன்?" என்றார் மாமா.

"அதை விளக்க ஒரு நாள் ஆகும். பிறகு சொல்லுதேன்."

மைசூர்பாகைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், நான் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். வாங்கிக்கொண்டார்கள், நம்பவில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை இருபத்திரண்டு என்பது இன்னொரு காக்கவைக்கும் தந்திரம். "பத்தாயிரம் போதாதுன்னு இப்ப இருபத்திரெண்டு வேறயா?" என்றாள். உண்மையில் பத்தில் ஒன்பது பங்கு வேலை அன்றைக்கே ஒழிந்துவிட்டது. மாமாவுக்கு அது தெரிந்தது. பஸ் ஏறும்போது அவர் முகத்தில் அவமானத்தைத் தேடினேன், காணவில்லை. பிஸ்கட் கூலியும் நின்றுபோனது. புதிய முறையில் அவருக்கு உதவியாள் தேவைப்படவில்லை.

அவர் சீக்கிரம் முடித்துவிடவில்லை. வகுப்பது கையால்தான், எண்கள் பெரிதாகிக்கொண்டே போயின, போனஸ் சீசனில் தொழிற்சாலையில் ஓவர்டைம் வேறு. அத்தை ராத்திரியெல்லாம் படித்தாள். ஞாயிறு மத்தியானங்களில் ஒருவர் கூடத்திலும் ஒருவர் வாசல்படியிலும் உட்கார்ந்து அவரவர் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் நான் இருபுறமும் தண்ணீர் கொண்டுபோவேன். இரண்டு பேரும் பேசாமல் இவ்வளவு நேரம் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அத்தையின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். ஞாயிறு அல்லாத நாளில் அவர் வந்ததே இல்லை என்பதால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா பதறினாள். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்போது."

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம்?"

"அஞ்சு லட்சத்துப் பதிமூவாயிரத்து இருநூத்தி முப்பத்தொம்போது."

அம்மா அவசரமாக என் சிலேட்டை எடுத்து நீட்டினாள். எழுபத்து மூன்றுக்குப் பிறகு வாய்வார்த்தையை நம்ப அவள் தயாராக இல்லை. அத்தை பெருக்கினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வரிக்கு வரி நாலும் ஆறும் எட்டும் ஒன்பதுமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கூட்டம். கூட்ட ஆரம்பித்தாள். ஒன்று. அடுத்ததும் ஒன்று. அதற்கடுத்ததும். ஒழுங்கில்லாத அந்த இரண்டு எண்களிலிருந்து இப்படி ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒன்றுகள் வரிசையாக இறங்கி வந்ததை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று வந்ததும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மைனி, தேதி பாக்கச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அம்மா அவளோடு வாயால் பேசினாள். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

அந்த இரண்டு எண்களும் அதற்கு மேல் உடையாதவை. மாமாவும் அத்தையும் இப்போது சைனிக்புரியில் இருக்கிறார்கள். அத்தை கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றுவிட்டாள். சமீபத்தில் என் மகள் கைப்பேசியில் பதினொரு ஒன்றுகளைத் தட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்த விடையை மாமாவிடம் காட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். திரையில் எத்தனை ஒன்று இருக்கிறது என்று முதலில் எண்ணினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கட்டிலுக்கடியிலிருந்த அட்டைகளையெல்லாம் அம்மா உற்சாகமாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இனி அந்த வீட்டில் எனக்குக் கூலி வேலை கிடைக்காது என்பது உறுதியாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஒண்ணு சேர்த்து எழுதியிருக்கலாம்ல அத்தை? ஏன் பதினொண்ணோட நிறுத்தினீங்க?" என்றேன்.

"பதினொண்ணு போதும்ட்டி" என்றாள் அவள்.

வெகுகாலம் கழித்து, இந்த மாதிரி ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்களைப் பற்றி எங்கோ படித்தேன். பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை எதைக்கொண்டும் உடைக்க முடியாதாம். இருபத்து மூன்று ஒன்றுகளையும் அப்படியே. அதில் எதையாவது எழுதி நீட்டியிருந்தால் யார் மனமும் நோகாமல் மறுக்கிற காரியம் முடிந்திருக்கும். மாமா இன்றைக்கும் உப்பலில் அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருப்பார். கணிதம் படித்த அத்தைக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. எழுதி எழுதி அவளுக்குக் கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.